ஊரைவிட்டுப் போன ஆறு

1913 ஜூலை 10 அன்று, கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள இன்யோ கவுண்டியில், மரணப் பள்ளத்தாக்கு எனப்படும் டெத் வேலியின் ஒரு பண்ணையில் வெப்பமானி 56.7 டிகிரி செல்சியஸ் காட்டியது. பூமியில் பதிவான காற்று வெப்பத்தில் அதுதான் உச்சம் என்று உலக வானிலை அமைப்பு இன்றும் ஏற்றிருக்கிறது. அந்தப் பதிவை நம்பாத வானிலை ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, அதே கவுண்டியின் ஆற்றுத் தண்ணீர் 375 கிலோமீட்டர் தெற்கே போய், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வடக்கே ஒரு மலைச்சரிவில் நுரைத்துக்கொண்டு இறங்கியது. பார்க்க வந்த கூட்டம் முப்பதாயிரத்துக்குக் குறையாது. வாய்க்காலைக் கட்டி முடித்த பொறியாளர் வில்லியம் மல்ஹாலண்ட் கூட்டத்தைப் பார்த்து, "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

உலகத்திலேயே சூடான இடம் உள்ள கவுண்டியிலிருந்து ஒரு நகரத்துக்குத் தண்ணீர் போகிறது என்றால் யாருக்கும் புருவம் உயரும். இன்யோவின் நில அமைப்பைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. ஆனால் இன்யோவின் பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். வெர்மான்ட் என்ற முழு மாநிலத்தையே உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அலாஸ்காவையும் ஹவாயையும் தள்ளிவிட்டுப் பார்த்தால், அமெரிக்காவின் மிக உயரமான சிகரமும் மிகத் தாழ்ந்த பள்ளமும் இந்த ஒரே கவுண்டியில்தான் இருக்கின்றன. மேற்கு எல்லையில் விட்னி சிகரம், 4,421 மீட்டர். கிழக்கே டெத் வேலியின் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. இரண்டுக்கும் இடையே பறவை பறக்கும் தூரம் 140 கிலோமீட்டர்கூட இல்லை.

பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை சியர்ரா நெவாடா மலைத்தொடர் மறித்துவிடும். மலையின் மேற்குப் பக்கம் மழை, முகட்டில் பனி, கிழக்குப் பக்கம் வெறும் காற்று. கிழக்கே அடிவாரத்தில் இருக்கும் இண்டிபென்டன்ஸ் என்ற ஊரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 13 சென்டிமீட்டர்தான். ஆனால் முகட்டில் விழுந்த பனி வசந்தத்தில் உருகும்போது, அதில் ஒரு பங்கு கிழக்கே சரிந்து, டஜன் கணக்கான ஓடைகளாக ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் இறங்கும். வானம் கொடுக்காததை மலை கொடுக்கும் ஊர் அது.

அந்த ஓடைகளைச் சேர்த்துக்கொள்வதுதான் ஓவன்ஸ் ஆறு. அது பிறப்பது வடக்கே அடுத்த கவுண்டியான மோனோவில். எரிமலைப் பாறையைக் குடைந்த ஆழமான பள்ளத்தில் விழுந்து இன்யோவுக்குள் வந்து, மேற்கே சியர்ரா, கிழக்கே வெள்ளை மலைகளும் இன்யோ மலைகளும் என இரண்டு பக்கமும் உயர்ந்த மலைச் சுவர்களுக்கு நடுவே தெற்கு நோக்கி நகர்ந்து, ஓவன்ஸ் ஏரியில் முடிந்தது. கடலுக்குப் போகும் வழி அதற்கு இல்லை. ஏரியில் சேர்ந்த தண்ணீர் வெயிலில் ஆவியாகிப் போகும், உப்பு மட்டும் தங்கும். ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்த உப்பு ஏரி அது. ஆற்றுக்கும் ஏரிக்கும் பெயர் தந்த ரிச்சர்ட் ஓவன்ஸ், ஜான் ஃப்ரீமான்ட் என்ற ராணுவ நில ஆய்வாளரின் துணைவர். 1845இல் வந்த அந்த ஆய்வுப் படை இரண்டாகப் பிரிந்தபோது ஓவன்ஸ் வேறு பாதையில் போய்விட்டார். தன் பெயர் கொண்ட ஆற்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை என்பார்கள்.

பார்த்தவர்கள், பெயர் வைத்தவர்கள், பாய்ச்சியவர்கள் அங்கே முன்பே இருந்தார்கள். பையூட் பழங்குடியினர் அந்தப் பள்ளத்தாக்கை பயாஹூனாடு என்று அழைத்தார்கள். பிஷப் என்ற இன்றைய ஊரைச் சுற்றி அவர்கள் மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டி, ஓடைத் தண்ணீரைத் திருப்பி, கோரைக்கிழங்கு வகையும் காட்டுக்கிழங்குகளும் விளையும் புல்வெளிகளுக்குப் பாய்ச்சினார்கள். விதை விதைப்பதில்லை, உழுவதில்லை. தானாக முளைப்பதற்குத் தண்ணீர் காட்டுவதோடு சரி. ஓர் ஆண்டு ஒரு வயல், அடுத்த ஆண்டு மறு வயல் என்று மாற்றி விட்டார்கள். மடையைத் திறந்து மூடுவதற்கு ஆண்டுதோறும் ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. மடைக்காரர் என்ற பதவி இன்யோவில் எவ்வளவு பழமையானது என்பதை இந்தக் கதையின் பிற்பகுதியைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1861இல் கால்நடைக்காரர்கள் வந்தார்கள். அக்கம்பக்கத்துச் சுரங்கங்களுக்கு இறைச்சி விற்பதற்காக ஓட்டிவந்த மாடுகள் கிழங்கு வயல்களையும் விதைப் புற்களையும் மேய்ந்து தீர்த்தன. பசியோடு வந்த பையூட்கள் மாட்டைப் பிடித்துத் தின்றார்கள். அதற்காக ஒருவரைச் சுட்டார்கள், பதிலுக்கு ஒருவர் செத்தார், போர் மூண்டது. 1862 ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தன்று ராணுவம் ஒரு முகாம் போட்டது. இண்டிபென்டன்ஸ் என்ற ஊருக்குப் பெயர் வந்தது அப்படித்தான். படைவீரர்கள் பையூட்களின் உணவுக் கிடங்குகளைத் தேடித் தேடி அழித்தார்கள். 1863 கோடையில் சுமார் ஆயிரம் பேரைத் தெற்கே டெஹோன் கோட்டைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். வழியிலேயே செத்தவர்கள் உண்டு, தப்பித் திரும்பியவர்களும் உண்டு. திரும்பி வந்தபோது அவர்களுடைய பழைய வாய்க்கால்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வேறு ஆட்களின் வயலுக்கு. சொந்த நிலத்தில் கூலிக்கு வேலை செய்தார்கள்.

1866இல் இன்யோ தனிக் கவுண்டியானது. அதற்குக் காரணம் தண்ணீர் அல்ல, வெள்ளி. ஏரிக்குக் கிழக்கே, மலையின் மேல், செர்ரோ கோர்டோ என்ற இடத்தில் 1865இல் வெள்ளியும் ஈயமும் கிடைத்தன. மேலே உருக்கி வார்த்த கட்டிகளை மலையடிவாரத்துக்கு இறக்கி, ஏரியைச் சுற்றிப் போகும் மணல் பாதையைத் தவிர்க்க 1872இல் ஏரியில் ஒரு நீராவிப் படகே விட்டார்கள். 'பெஸ்ஸி பிரேடி' என்று பெயர். அக்கரையிலிருந்து கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகள் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போகும். வண்டிகள் போதாமல் கரையில் கட்டிகள் குவிந்தபோது, அவற்றையே சுவராக அடுக்கி வேலையாட்கள் உள்ளே படுத்துக்கொண்டார்கள் என்றொரு கதையும் உண்டு. அப்போது சிற்றூராக இருந்த லாஸ் ஏஞ்சலஸின் சந்தை இந்த வியாபாரத்தில்தான் நிமிர்ந்தது. அந்த நகரத்துக்கு இன்யோவிலிருந்து முதலில் போனது வெள்ளி. ஆறு போனது அதற்குப் பிறகு. இதை அங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை.

அதே 1872இல், மார்ச் 26 விடியற்காலையில், லோன் பைன் ஊரை நிலநடுக்கம் புரட்டியது. பச்சை மண் கல்லால் கட்டிய வீடுகள் சரிந்து 27 பேர் இறந்தார்கள். தரை பிளந்து இறங்கிய இடத்தை இன்றும் ஊருக்கு மேற்கே ஆளுயரத்துக்கு மேல் மேடாகப் பார்க்கலாம். சியர்ரா இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது, பள்ளத்தாக்கு இன்னும் தாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றை அந்தப் பள்ளத்தில் ஓடவைத்ததும் இதே அசைவுதான்.

வெள்ளி தீர்ந்தது, சுரங்கக்காரர்கள் போனார்கள், விவசாயிகள் நின்றார்கள். 1883இல் ஒரு குறுகிய ரயில்பாதை ஏரிக்கரை வரை வந்தது. தீவனப்புல், சோளம், ஆப்பிள், பேரி. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இன்யோவின் மக்கள் 4,377 பேர். மேரி ஆஸ்டின் என்ற எழுத்தாளர் அப்போது இண்டிபென்டன்ஸில் வசித்தார். மழை குறைந்த அந்த நிலத்தைப் பற்றி 1903இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் அச்சில் இருக்கிறது. அதே ஆண்டு, புதிதாகத் தொடங்கிய மத்திய அரசின் பாசனத் துறை ஓவன்ஸ் பள்ளத்தாக்கை அளக்க ஆள் அனுப்பியது. பெரிய அணை வரும், பெரிய பாசனம் வரும் என்று விவசாயிகள் நம்பினார்கள். சிலர் தங்கள் தண்ணீர் உரிமைக் கோரிக்கைகளைக்கூட அரசு கேட்டதும் விட்டுக்கொடுத்தார்கள்.

தெற்கே லாஸ் ஏஞ்சலஸின் மக்கள்தொகை 1900இல் 1,02,479. பத்தே ஆண்டில் அது மும்மடங்காகும். நகரின் சிற்றாறு அதற்குப் போதாது. ஃபிரெட் ஈட்டன் என்பவர் அந்நகரின் முன்னாள் மேயர். ஓவன்ஸ் ஆற்றைப் பற்றி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். 1904இல் மல்ஹாலண்டை ஒரு குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வாய்க்காலில் பாசி வழிக்கும் வேலையில் தொடங்கி, படிக்காமலே தலைமைப் பொறியாளராக உயர்ந்தவர் மல்ஹாலண்ட். அவருக்கு ஒரு பார்வையே போதுமாக இருந்தது. ஆறு இருப்பது ஆயிரம் மீட்டருக்கு மேல், நகரம் இருப்பது கடலை ஒட்டி. ஒரு பம்புகூட வேண்டாம், சரிவே இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

பிறகு நடந்ததுதான் இன்யோவில் நூறாண்டாக ஆறாத புண். ஈட்டன் பண்ணை பண்ணையாகப் போய் நிலமும் தண்ணீர் உரிமையும் வாங்கினார். அரசுத் திட்டத்துக்காக வாங்குகிறார் என்றே விற்றவர்கள் பலர் நினைத்தார்கள். அப்படி நினைக்கக் காரணம் இருந்தது: பாசனத் துறையின் கலிஃபோர்னியப் பொறுப்பாளர் ஜோசஃப் லிப்பின்காட் ஈட்டனின் நண்பர், அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டே நகரத்திடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கியவர். 1905 ஜூலையில் நகரத்துப் பத்திரிகை திட்டத்தை அறிவித்தபோதுதான் பள்ளத்தாக்குக்கு விஷயம் தெரிந்தது. அரசின் பாசனத் திட்டம் கைவிடப்பட்டது. 1906இல் வாய்க்கால் போகும் பாதைக்கு நாடாளுமன்றம் அனுமதி தந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் நகரத்தின் பக்கம் நின்றார். 1907இல் இன்யோ தேசிய வனம் அறிவிக்கப்பட்டது. அதில் மரமே இல்லாத பள்ளத்தாக்குத் தரையும் வனமாகச் சேர்க்கப்பட்டது, புதிதாக யாரும் வந்து நிலம் கோரக் கூடாது என்பதற்காக. அரசாணையால் முளைத்த காடு.

இதைத் திருட்டு என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. 1974இல் வந்த 'சைனாடவுன்' படம் அந்த எண்ணத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. ஆனால் படம் நடப்பது 1930களில், உண்மைக் கதை அதற்கு முப்பது ஆண்டு முந்தையது. நகரம் காசு கொடுத்துத்தான் வாங்கியது. பல பண்ணைகளுக்குச் சந்தை விலைக்குக் குறையாமலே கொடுத்தது. எனக்குப் பெரிதாகப் படுவது விலை அல்ல. ஒரு பண்ணைக்காரர் தன் தண்ணீரை விற்றால் அந்தப் பணம் அவருக்கு. ஆனால் அவருடைய பக்கத்து வாய்க்கால், அந்த ஊர்க் கடைக்காரர், பள்ளிக்கூடம், கொல்லர் யாருக்கும் அதில் ஒரு சென்ட் கிடையாது. ஒரு கவுண்டியில் எத்தனை பேர் வாழலாம் என்பதை வேறோர் ஊரின் நகராட்சி முடிவு செய்யத் தொடங்கியது அந்தக் கட்டத்தில்தான்.

வாய்க்காலைக் கட்டிய விதம் வேறு கதை. நகர மக்கள் 1907இல் வாக்களித்து ஒதுக்கியது 2.3 கோடி டாலர். ஒரே நேரத்தில் அதிகபட்சம் 3,900 பேர் வேலை பார்த்தார்கள். 43 பேர் இறந்தார்கள். பாலைவனத்தில் இழுக்கப் புதிதாக வந்த கேட்டர்பில்லர் இயந்திரங்களை வாங்கினார்கள். மணலும் வெயிலும் அவற்றைத் தின்றன. திரும்பவும் கோவேறு கழுதைகளிடமே வந்தார்கள். ஜாபோன் பள்ளத்தாக்கில் ராட்சத எஃகுக் குழாய்த் துண்டுகளை 52 கழுதைகள் சேர்ந்து இழுத்தன. அந்தக் குழாயில் தண்ணீர் சுமார் 260 மீட்டர் விழுந்து, மேலிருந்து அழுத்தும் தண்ணீரின் விசையிலேயே எதிர்ச்சரிவில் ஏறிவிடும். எலிசபெத் ஏரியின் அருகே மலையை இரு பக்கமும் குடைந்துகொண்டு வந்து நடுவில் சந்தித்தார்கள். எட்டு கிலோமீட்டர் சுரங்கம்.

ஆற்றைப் பிடித்த இடம் இண்டிபென்டன்ஸுக்கு வடக்கே. அங்கே ஒரு கான்கிரீட் தடுப்பு. ஆறு வலப்பக்கம் திரும்பி வாய்க்காலாகிறது. முதலில் மண் வாய்க்கால், பிறகு அலபாமா குன்றுகளின் அருகே மதகு, அதற்கப்புறம் சிமென்ட் பூசிய கால்வாய், ஹேவி நீர்த்தேக்கம், அங்கிருந்து மூடிய வழி. வழியில் மின்சாரமும் எடுத்தார்கள்.

நகரத்துக்கு வந்த தண்ணீர் அத்தனையும் நகரத்துக்குத் தேவைப்படவில்லை என்பது அடுத்த வேடிக்கை. மிஞ்சியது சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் போனது. அந்த வறண்ட நிலத்தைப் பத்திரிகை அதிபர் ஹாரிசன் கிரே ஓட்டிஸ், அவர் மருமகன் ஹாரி சாண்ட்லர், ரயில் அதிபர் ஹென்றி ஹன்டிங்டன் முதலானோர் முன்கூட்டியே வாங்கிப் போட்டிருந்தார்கள். 1915இல் அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி நகரோடு இணைந்தது. இன்யோவில் பயிர் செய்ய வேண்டிய தண்ணீர் இருநூறு மைலுக்கு அப்பால் பயிர் செய்தது, கொஞ்ச காலம் கழித்து அந்த வயல்களும் வீட்டு மனைகளாயின.

1920இல் இன்யோவின் மக்கள்தொகை 7,031. அதுதான் விவசாயக் காலத்தின் உச்சம். வறட்சி வந்ததும் நகரம் ஆற்றோடு நிற்காமல் பாசன வாய்க்கால்களின் உரிமைகளையும் வாங்கத் தொடங்கியது. ஒரு வாய்க்காலின் தலைமடைக்காரர் விற்றால் கடைமடைக்காரருக்கு வேறு வழியில்லை. 1924 மே மாதம் லோன் பைன் அருகே வாய்க்காலுக்கு டைனமைட் வைத்தார்கள். நவம்பர் 16 அன்று சுமார் எழுபது பேர், உள்ளூர் வங்கிக்காரர் மார்க் வாட்டர்சன் தலைமையில், அலபாமா மதகைக் கைப்பற்றித் தண்ணீரைப் பழைய ஆற்றுப் படுகைக்குத் திறந்துவிட்டார்கள். ஷெரிஃப் வந்தார், பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாள் ஊரே சோற்றுக் கூடையோடு வந்துவிட்டது. கறி சுட்டார்கள், பாடினார்கள். அருகே படப்பிடிப்பில் இருந்த கௌபாய் நடிகர் டாம் மிக்ஸ் தன் இசைக்குழுவை அனுப்பினார். நாலைந்து நாள் அந்தத் திருவிழா நடந்தது. மார்க்கும் அவர் சகோதரரும் நகரத்து வங்கிக்காரர்களை வைத்துப் பேச்சு நடத்தலாம் என்று நம்பி மதகை மூடினார்கள். பேச்சு எங்கும் போகவில்லை. 1927இல் மறுபடி வெடிகள், நகரத்திலிருந்து துப்பாக்கியோடு காவலாட்கள் வந்தார்கள். அந்த ஆகஸ்ட் மாதம் வாட்டர்சன்களின் வங்கிகள் ஐந்தும் மூடின. கணக்கில் பணம் இல்லை. போராட்டத்துக்காகவும் ஊர்த் தொழில்களுக்காகவும் திருப்பிவிட்டோம் என்றார்கள். நீதிமன்றம் கையாடல் என்றது. இருவரும் சான் க்வென்டின் சிறைக்குப் போனார்கள். ஊராரின் சேமிப்பும் எதிர்ப்பும் ஒரே நாளில் முடிந்தன. 1930களின் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடும், ஊர்களில் இருந்த கட்டடங்கள், மனைகளில் பெரும்பகுதியும் நகரத்தின் கையில் இருந்தன. 1930 கணக்கெடுப்பில் இன்யோ 6,555. லாஸ் ஏஞ்சலஸ் 12,38,048.

இன்யோவின் தண்ணீர் கடலைத் தொட்ட இரவு ஒன்றும் உண்டு. வாய்க்கால் வழியில் செயின்ட் பிரான்சிஸ் என்ற அணையை மல்ஹாலண்ட் கட்டியிருந்தார், இன்யோக்காரர்கள் வாய்க்காலை உடைத்தாலும் நகரத்துக்குத் தண்ணீர் கையிருப்பு இருக்க வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். 1928 மார்ச் 12 காலை அவரே வந்து கசிவைப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று போனார். நள்ளிரவுக்குச் சற்று முன் அணை மொத்தமாக உடைந்தது. வெள்ளம் சான்டா கிளாரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பசிபிக்கில் கலந்தது. குறைந்தது 430 பேர் இறந்தார்கள், பலர் பண்ணைத் தொழிலாளிகள். விசாரணையில் மல்ஹாலண்ட் பழியை வேறு யார்மீதும் போடவில்லை, தன்மீதே போட்டுக்கொண்டார். அந்த ஆண்டு இறுதியில் வேலையை விட்டார், 1935இல் இறந்தார்.

இண்டிபென்டன்ஸுக்குத் தெற்கே மான்சனார் என்ற ஆப்பிள் ஊர் இருந்தது. 1910இல் தொடங்கியது, இருபதே ஆண்டில் நகரம் வாங்கி, தண்ணீரை நிறுத்தி, காலி செய்தது. பழமரங்கள் தானாக நின்றன. 1942இல், ஜப்பானுடன் போர் தொடங்கியபின், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசு குடும்பத்தோடு பிடுங்கி முகாம்களில் அடைத்தது. முதல் முகாம்களில் ஒன்று மான்சனாரில். நிலம் நகரத்துடையது, வாய்க்காலில் அவர்கள் விஷம் கலந்துவிடுவார்களோ என்று நகரத்தில் அச்சப்பட்டார்கள். அடைக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். பெரும்பாலானோர் லாஸ் ஏஞ்சலஸ்காரர்கள். நேற்றுவரை தங்கள் வீட்டுக் குழாயில் குடித்த தண்ணீரின் தலைமடைக்கே அவர்களைக் கொண்டுவந்து கம்பி வேலிக்குள் வைத்தார்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் இந்த இடம் விசித்திரமானது. 1940இல் இன்யோ கவுண்டி முழுவதும் 7,625 பேர். 1942இல் மான்சனார் முகாமில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு சதுர மைலில் நெருக்கிய தார்க்காகிதக் கொட்டகைகள், எட்டுக் காவல் கோபுரங்கள். கவுண்டியின் மிகப் பெரிய ஊர் அதுதான், அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி. பக்கத்து ஓடையிலிருந்து முகாமுக்குத் தண்ணீர் வந்தது. வந்ததும் அவர்கள் செய்தது தோட்டம். பாறை அடுக்கிக் குளம் கட்டினார்கள், சிறு பாலம் போட்டார்கள், கைவிடப்பட்ட பேரி மரங்களைக் கழித்து மறுபடி காய்க்க வைத்தார்கள். பாலைவனத்தில் தண்ணீர் கிடைத்தால் எத்தனை பேர் வாழலாம் என்பதற்கு இந்த மண்ணில் நடந்த மிகப் பெரிய சோதனை, முள்கம்பிக்குள் நடந்தது. 1945 நவம்பரில் முகாமை மூடினார்கள். அக்குளங்கள் மணலுக்குள் போயின. அண்மைக் காலத்தில்தான் தோண்டி எடுத்தார்கள்.

பையூட்களின் கதையும் அதே ஆண்டுகளில் ஒரு முடிவுக்கு வந்தது, அல்லது முடிவில்லாமல் நின்றது. 1937இல் நாடாளுமன்றம் அனுமதித்த பரிமாற்றத்தில், அவர்களுக்கென்று இருந்த சுமார் 2,900 ஏக்கரை நகரம் எடுத்துக்கொண்டு, பிஷப், பிக் பைன், லோன் பைன் ஆகிய இடங்களில் சுமார் 1,400 ஏக்கர் கொடுத்தது. நிலம் மாறியது, தண்ணீர் உரிமை மாறவில்லை. நகரச் சாசனப்படி தண்ணீர் உரிமையைக் கொடுக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் சம்மதம் வேண்டும் என்றார்கள். அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

1970இல் நகரம் இரண்டாவது வாய்க்காலைத் திறந்தது. அதை நிரப்ப ஆறு போதவில்லை. கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரை இறைத்தார்கள். பள்ளத்தாக்கின் ஊற்றுகள் ஒவ்வொன்றாக வற்றின. ஈரப் புல்வெளிகள் களர் புதர்களாயின. ஆற்றில் எஞ்சியிருந்த சிறு உயிர்களின் வாழ்க்கை ஏற்கெனவே ஊசலாடிக்கொண்டிருந்தது. ஓவன்ஸ் பப்ஃபிஷ் என்ற விரல் நீள மீன் அழிந்துவிட்டது என்றே எழுதிவிட்டிருந்தார்கள். 1964இல் பிஷப்புக்கு வடக்கே ஒரு சதுப்பில் மறுபடி கண்டுபிடித்தார்கள். 1969 ஆகஸ்டில் அந்தக் குளமும் திடீரென வற்றத் தொடங்கியது. மாநில மீன்துறை உயிரியலாளர் ஃபில் பிஸ்டர் ஓடிப்போய், உலகில் எஞ்சியிருந்த எண்ணூறு மீன்களையும் அள்ளினார். இரண்டு வாளியில் ஒரு முழு இனம். கரடுமுரடான தரையில் ஒரு கட்டத்தில் அந்த இரண்டு வாளிகளோடும் அவர் தனியாக நடக்க வேண்டியிருந்தது. தடுக்கி விழுந்திருந்தால் அத்தோடு அந்த மீன் கிடையாது. அவர் விழவில்லை. மீன் இன்னும் இருக்கிறது.

1972இல் இன்யோ கவுண்டி நகரத்தின்மீது வழக்குப் போட்டது. கலிஃபோர்னியாவின் புதிய சுற்றுச்சூழல் சட்டம்தான் ஆயுதம். பதினைந்தாயிரம் பேர் உள்ள கவுண்டி, இருபத்தெட்டு லட்சம் பேர் உள்ள நகரத்தோடு மோதியது. இருபது ஆண்டு ஓடியது. அதில் பிறந்தது 1991 ஒப்பந்தம். வற்றிப்போன ஆற்றின் நூறு கிலோமீட்டர்ப் பகுதிக்குத் தண்ணீரைத் திரும்ப விடவும் நகரம் ஒத்துக்கொண்டது. சொன்னதைச் செய்ய 2006 டிசம்பர் ஆனது. இன்று அந்தப் பகுதியில் நாணல் அடர்ந்து, வாத்தும் கொக்கும் இறங்குகின்றன. ஏரிக்கு முன்னால் பம்பு வைத்து மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏரியின் பாடு வேறு. ஆறு போனதும் 1920களின் நடுவில் அது காய்ந்தது. உப்பும் நுண்மண்ணும் காற்றில் கிளம்பின. பல பத்தாண்டுகள் அமெரிக்காவிலேயே நுண்துகள் புழுதியின் மிகப் பெரிய ஒற்றை ஊற்றாக இருந்தது அந்த வெள்ளைத் தரை. புழுதியில் ஆர்செனிக்கும் காட்மியமும் கலந்திருந்தன. காற்றடித்தால் கரையோரத்து கீலர் ஊரில் எதிர்வீடு தெரியாது. நீதிமன்றமும் காற்று மாசு வாரியமும் நெருக்கியபின், 2001 முதல் நகரம் ஏரிப்படுகையில் தண்ணீர் தெளிக்கிறது, சரளை கொட்டுகிறது, உப்புப்புல் வளர்க்கிறது. இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவு. கொண்டுபோன தண்ணீரில் ஒரு பங்கைத் தூசி அடக்க விட்டுவைக்க வேண்டிய நிலை. வாய்க்காலைக் கட்டியபோது இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

2020 கணக்கெடுப்பில் இன்யோவின் மக்கள் 19,016. சதுர கிலோமீட்டருக்கு ஒருவர்கூட இல்லை. நகராட்சி அந்தஸ்து உள்ள ஒரே ஊர் பிஷப். அங்கே நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பத்தில் ஒருவருக்கு மேல் பழங்குடியினர், பையூட்களும் டெத் வேலியின் டிம்பிஷா ஷோஷோனிகளும். நிலத்தில் தனியாருக்குரியது இரண்டு விழுக்காடும் கிடையாது. மற்றதெல்லாம் மத்திய அரசு, மாநிலம், நகரம். 395ஆம் நெடுஞ்சாலையில் போகும் மலையேறிகளும் மீன்பிடிக்காரர்களும்தான் கடைகளை நடத்துகிறார்கள். அவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் அந்தத் திறந்த வெளி, வேலியில்லாத புல்வெளி, மாளிகைகள் இல்லாத அடிவாரம் எல்லாம் நகரம் வாங்கிப் பூட்டி வைத்ததன் விளைவு. நகரம் வராமல் இருந்திருந்தால் இங்கே வீட்டு மனைகள்தான் இருந்திருக்கும் என்று வாதிடும் உள்ளூர்க்காரர்களும் உண்டு, அதைக் கேட்டாலே எழுந்து போய்விடுபவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் ஒரே காப்பிக் கடையில் உட்காருவார்கள்.

2023 மார்ச்சில் மலை முழுக்கப் பனி. அதன் மேல் கனமழை. ஒலாஞ்சா அருகே வெள்ளம் வாய்க்காலின் அடியை அரித்து, கான்கிரீட்டை உடைத்துப் போட்டது. டைனமைட் செய்ய முயன்றதை மழை செய்தது. ஏரிப்படுகையில் தண்ணீர் தேங்கி நின்றது, கிழக்கே பேட்வாட்டர் உப்புத்தரையிலும் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த புயலுக்குப் பின் ஒரு தற்காலிக ஏரி. நகரம் உடைப்பை அடைத்து ஓட்டத்தைத் தொடர்ந்தது.

குழாயில் போனபின் அந்தத் தண்ணீருக்கு என்ன ஆகிறது? கழிவுநீராவதில் பெரும்பகுதி ஹைபீரியன் என்ற கழிவுநீர் நிலையம் வழியாக சான்டா மோனிகா விரிகுடாவில் சேர்கிறது. கடலே இல்லாத ஆற்றுக்கு இப்போது அன்றாடம் ஒரு கடல். 2035க்குள் கழிவுநீர் முழுவதையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவோம் என்று நகரம் 2019இல் அறிவித்தது. அப்படியானால் ஓவன்ஸ் கிணறுகளுக்கு ஓய்வு கிடைக்குமே என்று இங்கிருந்து கணக்குப் போடத் தோன்றும். ஆனால் 1991 ஒப்பந்தம் நகரத்தின் தேவையைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் வேர் மண்டலத்தில் ஈரம் எவ்வளவு, மேலே செடி எவ்வளவு என்று அளந்து, போதவில்லை என்றால் அந்தப் பகுதிக் கிணறுகளை நிறுத்த வேண்டும் என்பதுதான் விதி. அதனால் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் கவுண்டியின் ஆட்களும் நகரத்தின் ஆட்களும் அந்தப் புதர்க்காட்டுக்குள் இறங்கி, குறித்து வைத்த இடங்களில் புல்லையும் புதரையும் அளக்கிறார்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாத ஆண்டுகளில் வக்கீல்கள் வருகிறார்கள்.